சோளம் எப்போது பாலாகும், எப்போது கொழுப்பாகும்

"ஏ தம்பி, நீ அப்படி என்னத்தப் போடுத? ஒன் ஆடு மட்டும் சொம்பு நெறையக் கறக்கு" என்று போன மாசியில் பக்கத்து வீட்டு மயினி (மதினி) கேட்டார். அவர் தொழுவில் நிற்பது தலைச்சேரி இனக் கலப்பு ஆடு. குட்டி போட்டு ஐந்து மாதம் தாண்டிவிட்டது. காலையில் இரண்டு சிரட்டை (கொட்டாங்கச்சி), சாயங்காலம் இரண்டு சிரட்டை என்று உடைத்த மக்காச்சோளம் வைக்கிறார். ஆடு கிடா மாதிரி கொழுத்து நிற்கிறது, பால் அரை லிட்டரைத் தாண்டவில்லை. என் ஆடும் அதே தலைச்சேரிக் கலப்புதான், குட்டி போட்டு ஐந்தே வாரம். அதற்கு நான் வைப்பது மயினி வைப்பதைவிடக் குறைவு.

"மயினி, என்ன போடுதேன்ங்கது இல்ல, எப்பம் போடுதேன்ங்கதுதான் விசயம்" என்றேன். நான் பால் கணக்கை மறைக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே. லாரி ஓட்டுவதை விட்ட பிறகு ஆடுதான் பிழைப்பு. இப்போது பன்னிரண்டு பெட்டை ஆடுகள் நிற்கின்றன: ஆறு கன்னி, ஆறு தலைச்சேரிக் கலப்பு. கன்னி நம் சீமை ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. அது கறிக்கான இனம். அதன் பாலை நான் கறப்பதே இல்லை, குட்டிகளுக்கே விட்டுவிடுவேன். கறப்பது தலைச்சேரியில் மட்டும். ஆனால் இங்கே சொல்வது கன்னிக்கும் பொருந்தும். தாய்க்குப் பால் இருந்தால்தான் இரட்டைக் குட்டி இரண்டும் ஒரே மாதிரி தேறும். மேலப்பாளையம் சந்தையில் தேறின குட்டிக்கும் வாடின குட்டிக்கும் விலை எவ்வளவு தள்ளிப் போகிறது என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

முதலில் சோளம் (நான் சோளம் என்பது மக்காச்சோளத்தைத்தான்) எப்படிப் பாலாகிறது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஆட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் பானை. தின்ற குழையையும் (இலை தழை) தானியத்தையும் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. குழையின் நாரிலிருந்து அசிட்டிக் அமிலம் அதிகம் வரும், அதுதான் பாலில் ஏடாகும் கொழுப்பின் மூலப்பொருள். தானியத்தின் மாவுச்சத்திலிருந்து புரோப்பியானிக் அமிலம் கூடுதலாக வரும். அது ஈரலுக்குப் போய்க் குளுக்கோஸாகி, மடிக்குப் போய் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையாகிறது. இந்தப் பால் சர்க்கரைதான் மடிக்குள் தண்ணீரை இழுக்கிறது. அது எவ்வளவு உண்டாகிறதோ, பாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். சொம்பு நிறைவது தானியத்தால், ஏடு கட்டுவது குழையால். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தால் எங்கேயாவது இடிக்கும்.

அப்புறம் ஏன் மயினி ஆட்டுக்குச் சொம்பு நிறையவில்லை? வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் எந்த வயலுக்குப் பாயும் என்பதை மடைதானே முடிவு செய்கிறது. குட்டி போட்ட புதிதில் ஆட்டின் உடம்பு மடிப் பக்கம் மடையைத் திறந்து வைத்திருக்கும். தின்றது போதாவிட்டால் தன் கொழுப்பைக் கரைத்தாவது பால் கொடுக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பால் உச்சத்துக்கு வரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடை உடம்புப் பக்கம் திரும்பும். நாலாம், ஐந்தாம் மாதத்தில் கூடுதலாகப் போடும் சோளத்தில் பெரும்பகுதி குடல் சவ்விலும் நெஞ்சடியிலும் கொழுப்பாகத்தான் போய்ச் சேரும். மயினியின் ஆட்டுக்கு நடந்தது இதுதான்.

கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். நான் லாரியில் டீசல் கணக்கு எழுதிப் பழகியவன், எனக்கு இது இல்லாமல் முடியாது.

35 கிலோ எடையுள்ள ஆடு சும்மா நின்று உயிர் வாழவே ஒரு நாளைக்குச் சுமார் 1,450 கிலோகலோரி வேண்டும். மேய்ச்சலுக்கு நடந்தால் அதில் கால் பங்காவது கூடும், ஆக 1,800. நாலு சதவீதக் கொழுப்புள்ள பால் ஒரு லிட்டருக்கு இன்னொரு 1,250 வேண்டும். மொத்தம் 3,050. பங்குனி, சித்திரையில் எங்கள் காட்டில் கிடைக்கும் காய்ந்த புல்லையும் சருகையும் வயிறு முட்டத் தின்றாலும் 2,300, 2,400 தேறினால் பெரிது. பற்றாத 650, 750 கிலோகலோரிக்குத்தான் தானியம். மக்காச்சோளம் ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,000 இருக்கிறது. அப்படியானால் 220, 250 கிராம் போதுமே என்று தோன்றும். போதாது. தானியம் தின்ற ஆடு குழையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அதையும் சேர்த்துத்தான் லிட்டருக்கு 350 முதல் 400 கிராம் கலப்புத் தீவனம் (சோளம், தவிடு, பிண்ணாக்கு கலந்தது) என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு கார்த்திகை, மார்கழியில் காடு பச்சையாகக் கிடக்கும்போது இதில் பாதி போதும்.

கிராம் என்றால் கிராம்தான், சிரட்டைக் கணக்கு வேண்டாம். ஒரே சிரட்டையில் உடைத்த சோளத்தையும் தவிட்டையும் தனித்தனியாக அள்ளி எடைபோட்டேன். சோளம் 180 கிராம் நின்றது, தவிடு 90 கிராம்கூட நிற்கவில்லை. "நானும் ரெண்டு செரட்டைதான் போடுதேன்" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டால் ஒருவர் போடுவது மற்றவர் போடுவதில் பாதியாக இருக்கலாம். பலசரக்குக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, சிரட்டையில் ஆணியால் கோடு கீறி வைத்துக்கொண்டால் போதும்.

வேலை குட்டி போடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், சுமார் 150 நாள். வயிற்றுக் குட்டி பெரும்பகுதி வளர்வது கடைசி ஆறு வாரத்தில்தான். அந்த நேரத்தில் குட்டியே வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஆட்டுக்கு அதிகம் தின்ன இடம் இருக்காது. கொஞ்சம் தின்றாலும் சத்தாகத் தின்ன வேண்டிய காலம் அது. அந்தக் கடைசி ஆறு வாரத்தின் தொடக்கத்தில் தானியத்தை 100 கிராமில் தொடங்கி, குட்டி போடும் வாரத்துக்குள் 250, 300 கிராமுக்குக் கொண்டு வருவேன். இதில் இரண்டு பலன். குட்டி நல்ல எடையில் விழும், வயிற்று நுண்ணுயிர்களும் தானியத்துக்குப் பழகியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சினையின் முதல் பாதியிலேயே ஊட்டி ஆட்டைக் கொழுக்க வைத்துவிடக் கூடாது. கொழுத்த ஆடு இரண்டு மூன்று குட்டியைச் சுமக்கும்போது கடைசி வாரங்களில் தீனியைக் குறைத்தால், உடம்புக் கொழுப்பு ஒரேயடியாகக் கரைந்து ஈரலில் படியும். ஆடு தனியே ஒதுங்கும், தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பும், பல்லைக் கடிக்கும், படுத்தால் எழுந்திருக்காது. மூச்சில் பழம் அழுகின மாதிரி ஒரு இனிப்பு வாடை அடிக்கும். எலும்பும் தோலுமான ஆட்டுக்கும் இதே சங்கடம் வரும். இதற்குக் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அது ஒரு வசதி.

ஆடு கொழுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மயிர் ஏமாற்றும். முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சடியில் கை வைத்துப் பாருங்கள். எலும்பு நறுக்கென்று தட்டுப்பட்டால் மெலிவு. சதை அசையாமல் தலையணை மாதிரி இருந்தால் கொழுப்பு. ஓரளவு சதைக்குள் எலும்பு தெரிந்தால் சரி.

குட்டி போட்ட அன்று நான் செய்வது எங்கள் ஆச்சி செய்ததுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சில்லு கருப்பட்டி, ஒரு கை தவிடு, துளி உப்பு. களைத்த ஆடு ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். கருப்பட்டியின் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யும், தண்ணீரும் உள்ளே போகும். ஆனால் தினமும் கருப்பட்டி கொடுத்துப் பால் கறக்கிறேன் என்று கிளம்பினால் கருப்பட்டி விற்கிற விலையில் கட்டுப்படியாகாது.

மறுநாளிலிருந்து தானியத்தை ஏற்றலாம். மூன்று நாளைக்கு ஒருமுறை 50 கிராம், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். காலையில் பாதி, சாயங்காலம் பாதி. ஒருவேளைக்கு 250 கிராமைத் தாண்டுவதில்லை. தாண்ட வேண்டிய அளவுக்குக் கறக்கும் ஆடாக இருந்தால் மூன்று வேளையாகப் பிரிப்பேன். வெறும் வயிற்றில் வைக்கக் கூடாது. முதலில் ஒரு கட்டு குழை, அதைத் தின்று முடித்த பிறகு தானியம். சோளத்தை நாலாக உடைத்தால் போதும், மாவாக அரைக்காதீர்கள். மாவு வயிற்றில் வேகமாகப் புளிக்கும், பாதி மூக்கில் பறக்கும். ஆனி, ஆடி மேல்காற்றில் மீதிப் பாதி பக்கத்து ஊருக்கே போய்விடும்.

என் கலவை பத்து கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் நாலரை கிலோ, தவிடு இரண்டரை கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2.7 கிலோ, தாது உப்பு 200 கிராம், கல்லுப்பு 100 கிராம். வெறும் சோளத்தை மட்டும் போட்டால் ஏன் ஆகாது என்று கேட்பார்கள். வயிற்று நுண்ணுயிர்கள் பெருக மாவுச்சத்தோடு புரதமும் வேண்டும். அடுப்பில் விறகு இருந்து பானையில் அரிசி இல்லாத கதையாகிவிடும். பிண்ணாக்குக்குப் பதிலாக அகத்தி, வேலிமசால், சூபாபுல் குழை தாராளமாகக் கிடைத்தால் பிண்ணாக்கைப் பாதியாகக் குறைக்கலாம். மழைக்காலத்தில் நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

சோளத்தைத் தை, மாசியில் வாங்குங்கள். கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் அறுவடையாகி வரும் சமயம். வாங்கினதும் இரண்டு வெயில் காயப்போட்டு, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் பிண்ணாக்கையும் "ஆடுதானே, தின்னும்" என்று போடாதீர்கள். அந்தப் பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நாம். அரிசித் தவிட்டில் எண்ணெய் அதிகம், பத்துப் பதினைந்து நாளில் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். அதனால் மில்லில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே நல்லது.

தானியம் வாங்க முடியாத நாளில் நம் காட்டிலேயே கிடைப்பது உடை மரத்தின் நெற்று (காய்ந்த காய்). சித்திரையில் உடங்காட்டுக்குள் ஆடுகளை விட்டால் நெற்றைப் பொறுக்கித் தின்பதைப் பார்க்க வேண்டும், முறுக்கு கடிக்கிற சத்தம் கேட்கும். சீமை உடை (சீமைக் கருவேலம்) நெற்றிலும் இனிப்பு நிறைய இருக்கிறது. ஆனால் அதன் விதை சீரணமாகாமல் புழுக்கையோடு வெளியே விழுந்து ஊரெல்லாம் முளைக்கும். நெற்றை இடித்துப் போட்டால் சத்தும் கிடைக்கும், தோட்டமும் தப்பும். அதுவே முழுத் தீனியாகிவிடக் கூடாது, தீவனத்தில் நாலில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். புளியங்கொட்டையும் நல்ல மாவுச்சத்துதான். வறுத்துத் தோலை நீக்கி உடைத்துப் போட வேண்டும், தோலில் துவர்ப்பு அதிகம்.

கொழுப்பு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே எடைக்குத் தானியத்தைப்போல இரண்டேகால் மடங்கு ஆற்றல் கொழுப்பில் உண்டு. அதை நம்பி நான் ஒருமுறை பலகாரம் சுட்டு மிஞ்சின எண்ணெயைத் தவிட்டில் பிசைந்து வைத்தேன். நாலாம் நாள் ஆடு குழையைத் தொடவில்லை. எண்ணெய் நாரின் மேல் படிந்து நுண்ணுயிர்களின் வேலையைக் கெடுத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. மொத்தத் தீனியில் கொழுப்பு ஐந்து, ஆறு சதவீதத்தைத் தாண்டினாலே சிக்கல். கடையில் பைபாஸ் கொழுப்பு என்று ஒரு பொடி கிடைக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தோடு கட்டப்பட்ட கொழுப்பு, முதல் வயிற்றில் கரையாமல் தாண்டிப் போய்க் குடலில்தான் சீரணமாகும். வெயில் காலத்தில் ஆடு தீனியைக் குறைக்கும்போது, உச்சத்தில் கறக்கும் ஆட்டுக்கு நாளைக்கு 25, 30 கிராம் கொடுப்பேன். பாலின் அளவைவிட ஏடுதான் கூடியது தெரிந்தது. அரை லிட்டர் கறக்கும் ஆட்டுக்கு அது வீண் செலவு.

இனி என் முட்டாள்தனம் ஒன்று. ஆவணி மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மிஞ்சின சோறும் பாயசமும் ஒரு அண்டா. கொட்ட மனசு வரவில்லை, கரிச்சி என்கிற என் மூத்த தலைச்சேரிக்கு ஒரு வாளி வைத்தேன். ராத்திரிக்குள் வயிறு கல் மாதிரி ஆகி, அசை போடுவது நின்று, விடிகாலை புளிச்ச வாடையோடு தண்ணீராகக் கழிந்தது. வெந்த அரிசி, மாவுச்சத்திலேயே வேகமாகப் புளிக்கும் சரக்கு. வயிற்றுக்குள் அமிலம் ஒரேயடியாக ஏறி, நுண்ணுயிர்களும் செத்து, ஆட்டின் ரத்தத்தையும் புளிக்க வைத்துவிடும். சமையல் சோடா இருபது கிராமைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் மெதுவாக ஊற்றிவிட்டு டாக்டரைக் கூட்டி வந்தேன். பிழைத்தது. ஆனால் அந்த ஈத்து முழுக்கப் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. பொங்கலன்றும் கோயில் கொடை முடிந்த மறுநாளும் எங்கள் ஊரில் ஏதாவது ஒரு தொழுவில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த அளவுக்குப் போகாமலே தானியம் அதிகமாகிவிட்டதா என்று தினமும் பார்த்துக்கொள்ளலாம். புழுக்கை தனித்தனி மணியாக விழ வேண்டும், ஒட்டிக்கொண்டு கட்டியாக விழுந்தால் 100 கிராம் குறையுங்கள். மத்தியானம் நிழலில் படுத்திருக்கும் ஆடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பால் அளவு குறையாமல் ஏடு மட்டும் மெலிந்தால் குழை போதவில்லை என்று அர்த்தம்.

போடுகிற சோளம் பாலாகிறதா இல்லையா என்று யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். ராத்திரி குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் குடாப்பில் (கூண்டில்) அடைத்துவிடுங்கள். காலையில் ஒரு காம்பை முழுக்கக் கறந்து அளந்து எழுதுங்கள், மற்றக் காம்பு குட்டிக்கு. ஒரு வாரம் பழைய தீனியிலேயே அளந்து சராசரி பாருங்கள். பிறகு 100 கிராம் கூட்டி இரண்டு வாரம் அளக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் முடிவு கட்டக் கூடாது, வயிறு பழகவே பத்து நாள் ஆகும். என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். ஐந்தாம் வாரத்தில் இருந்த ஆட்டுக்கு 200 கிராம் கூட்டியதில் நாளைக்கு 900 மில்லியிலிருந்து 1,150க்கு ஏறியது. ஐந்தாம் மாதத்தில் இருந்த இன்னொன்றுக்கு அதே 200 கிராம் கூட்டினேன், 30 மில்லிகூட ஏறவில்லை. கூடுகிற பாலின் விலையையும் கூட்டுகிற சோளத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். குட்டிக்கே பால் விடுகிறவர்கள் ஒரு காம்பு அளக்க வேண்டாம், வாரம் ஒருமுறை குட்டியைச் சாக்கில் தொங்கவிட்டு நிறுத்தாலே போதும்.

கூட்டியும் ஏறவில்லை என்றால் சோளத்தைத் திட்டுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று குடற்புழு. கீழிமையைத் திருப்பினால் வெளுத்திருக்கும். மற்றது தண்ணீர். எங்கள் ஊரில் சித்திரையில் ஆட்டுத் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாமல் சுடும், அதை எந்த ஆடு குடிக்கும்?

மூன்றாம் மாதம் முடிந்ததும் நான் தானியத்தை வாரத்துக்கு 50 கிராமாக இறக்கத் தொடங்குவேன். பால் குறைகிற வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக இறக்குவேன், நெஞ்சடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே. மெலிந்த ஆடாக இருந்தால் இன்னும் ஒரு மாதம் நீட்டிப்பேன். அடுத்த சினைக்கு உடம்பு தேற வேண்டுமே. பாலை வற்ற வைக்கும் வாரத்தில் தானியம் முழுக்க நிறுத்தி, காய்ந்த கடலைக்கொடியும் தண்ணீரும் மட்டும்.

மயினி போன வாரம் மறுபடி வந்தார். ஆடு சினையாகி மூன்றரை மாதம் ஆகிறதாம். "இப்பம் சொல்லு, எத்தனை செரட்டை?" என்றார். வீட்டுக்குள் போய், கோடு கீறின சிரட்டை ஒன்றை எடுத்துவந்து கையில் கொடுத்தேன்.